தூணைப் பிளந்த சித்திரம்

பொம்மைப் படம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நம் ஊர்ப் பெரியவர்களின் முகத்தில் ஓர் அலட்சியப் புன்னகை மலர்வதை நாம் பல தடவை கவனித்திருக்கிறோம். கதாநாயகர் ஒருவர் பத்துப் பேரை ஒரே அடியில் ஆகாயத்தில் பறக்கவிடும் படமாயிருந்தால், குடும்பத்தோடு பஸ் ஏறித் தஞ்சாவூருக்குப் போய் நடுநிசியில் திரும்பி வர அவர்கள் சித்தமாயிருக்கிறார்கள். அந்த அடியை நிஜம் என்று நம்புகிறவர்கள், சித்திரத்தில் எழுதிய அணில் பேசினால் மட்டும், "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று தள்ளிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டாமா என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராயிருக்கிறது: "அதுதான் வீட்டுப் பெட்டியிலேயே நாள் பூரா ஓடுதே ஸார்!"

ஓடுவது வாஸ்தவந்தான். 2007-ல் சுட்டி டிவி வந்தது முதல் தமிழ் பேசும் சித்திரங்களுக்குப் பஞ்சமில்லை. டோரா என்ற சிறுமி திரையிலிருந்து கேள்வி கேட்பதும், திருக்காட்டுப்பள்ளித் திண்ணைகளிலிருந்து குழந்தைகள் தொண்டை கிழியப் பதில் கூவுவதுமாக ஒரு காலம் இருந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது கல்லூரியைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய தம்பி தங்கைகள் கூவுவதில்லை. உள்ளங்கைக் கண்ணாடியைப் பார்த்தபடி, தலை குனிந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் சிரிக்கும்போது மற்றவன் சிரிப்பதில்லை. ஏனென்றால் இருவரும் பார்ப்பது வேறு வேறு.

கொட்டகையில் அப்படி நடக்க முடியாது. அங்கே விளக்கு அணைந்ததும் முந்நூறு பேரும் ஒரே சமயத்தில் பயப்பட வேண்டும், ஒரே சமயத்தில் சிரிக்க வேண்டும். பக்கத்து நாற்காலிக் குழந்தை அழுதால் நமக்கும் தெரியும். உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்ட நமக்கு, குழந்தைகளை ஸினிமாவுக்கு அழைத்துப் போகலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது இந்த ஒரு காரணந்தான்.

சந்தர்ப்பமும் தானாக வந்து வாய்த்தது. 2025-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி "மகாவதார் நரசிம்மா" என்ற சித்திரப் படம் தமிழ் உட்பட ஐந்து பாஷைகளில் வெளிவந்தது. அஸ்வின் குமார் என்பவர் டைரக்ட் செய்தது. முதல் நாள் ஆரவாரம் ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லிச் சொல்லியே கூட்டம் பெருகி, கடைசியில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று என்று பத்திரிகைகள் எழுதின. இந்தியாவில் தயாரான வேறெந்தச் சித்திரப் படமும் இவ்வளவு சம்பாதித்ததில்லை. நம் ஊர் அப்பாயிமார்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் பிரகலாதன் கதை என்று தெரிந்த மாத்திரத்தில் அவர்களுடைய மனம் மாறிவிட்டது. நேற்று வரை பொம்மைப் படமாயிருந்தது ஒரே ராத்திரியில் சாமி படம் ஆகிவிட்டது!

ஆடிப் பெருக்கன்று போகலாம் என்றுதான் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊரில் பிறந்துவிட்டு, பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றை விட்டுக் கொட்டகைக்குப் போவதா என்று பெண்மணிகள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். நியாயந்தானே? அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பதினான்கு குழந்தைகள், மூன்று தாய்மார்கள், ஓர் அப்பாயி, நாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-ல் ஏற்பட்ட சலுகை இல்லாவிட்டால் அந்தத் தாய்மார்களில் இருவர் வந்திருக்க மாட்டார்கள். இதைச் சர்க்கார் எந்தக் கணக்கில் எழுதுகிறதோ தெரியாது. குழந்தைகளின் கலைச் செலவு என்ற தலைப்பிலும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களை நாம் சேர்த்துக்கொள்ளவில்லை. சில வீடுகளில் இதற்காக மனஸ்தாபம் ஏற்பட்டது. சித்திரம் என்றால் சிசுக்களுக்கு என்ற எண்ணம் அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் உலகம் என்றோ விழித்துக்கொண்டுவிட்டது. வால்ட் டிஸ்னியின் "ஸ்நோ ஒயிட்" 1938-ல் பிரிட்டனுக்கு வந்தபோது, அதில் வரும் சூனியக்காரியையும், நகம் போல் கிளைகளை நீட்டும் காட்டு மரங்களையும் பார்த்த தணிக்கையாளர்கள், பெரியவர் துணையில்லாமல் குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். நம் நாட்டிலும் 2023-ல் திருத்திய சட்டத்தின்படி, பெற்றோரின் யோசனையுடன் பார்க்க வேண்டிய படங்களை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். படம் தொடங்குமுன் திரையில் தோன்றும் அந்தக் கடிதத்தை நம் ஜனங்கள் முறுக்கு வாங்கும் நேரமாகவே உபயோகித்து வருகிறார்கள். ராட்சஸர்களின் தலையை வாளால் சீவித் தள்ளும் ஜப்பானியச் சித்திரம் ஒன்றும் அதே 2025-ல் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. அதற்கும் இடுப்புக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் குற்றம் சித்திரக்காரனுடையதல்ல.

கொட்டகையின் பெயர் இங்கே வேண்டாம். சப்தத்தை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஹிரண்யகசிபு வாயைத் திறந்த போதெல்லாம் நாற்காலி அதிர்ந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்பாயி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப தூணை உதைப்பான் பாரு, உள்ளேர்ந்து வந்துடும். அப்புறம் பயமே இல்லை" என்று கதையை இரண்டு நிமிஷம் முன்னதாகவே சொல்லிக்கொண்டே போனார். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். அப்பாயி பொருட்படுத்தவில்லை. எழுபது வருஷமாக அறிந்த கதைக்கு முறைப்பு என்ன செய்யும்?

தூண் பிளந்தது. நம் குழந்தைகளில் ஒருவர்கூட அலறவில்லை. சிங்க முகம் தோன்றியதும் கை தட்டினார்கள். அவர்கள் மௌனமாயிருந்தது அதற்கு முன்னால். பாம்பை விட்டும், யானையை விட்டும், நெருப்பில் இறக்கியும், மலையிலிருந்து உருட்டியும் ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தொலைக்கப் பார்க்கிறானே, அந்தப் பகுதியில்தான் பதினான்கு பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். புராணத்தை நாம் பெரியவர்களாகக் கேட்டுக் கேட்டு, அதில் பகவான் வருகிற இடத்தையே கதையின் உச்சி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தைகள் வேறு இடத்தில் கதையைக் கேட்கிறார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே குறுவைப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸார், அப்பாவே பிள்ளையைக் கொல்லச் சொல்லலாமா?" என்றான். அவன் வீட்டுச் சங்கதி நமக்குத் தெரியும். அது இங்கே எழுதத் தக்கதல்ல. நாம் வாயைத் திறக்குமுன் அப்பாயி முந்திக்கொண்டார்: "சொல்லக் கூடாதுடா ராசா. அதுனாலதான் தூணுக்குள்ளேர்ந்து ஆள் வந்துச்சு."

பையன் யோசித்தான். "எங்க வீட்டுல தூண் இல்லையே அப்பாயி" என்றான்.

மறுநாள் காலை வகுப்புக் கரும்பலகையின் மேல் மூலையில் 1098 என்று எழுதி, சுற்றிலும் ஒரு கட்டம் போட்டோம். ஆபத்தில் இருக்கும் எந்தக் குழந்தையும், யாருடைய அனுமதியுமின்றி, காசில்லாமல் கூப்பிடக்கூடிய டெலிபோன் எண் அது. தேசம் முழுவதற்கும் ஒன்றே. யாருக்கென்று சொல்லவில்லை. எல்லாரையும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். இத்தனை வருஷப் பாடங்களில் பிள்ளைகள் இவ்வளவு சிரத்தையாக எழுதிக்கொண்ட நான்கு எண்கள் வேறு இல்லை.

அதே வாரம் சித்திர வகுப்பில், பார்த்த படத்தை வரையுங்கள் என்றோம். வந்து சேர்ந்த காகிதங்களைப் பார்த்ததும் முதலில் மகிழ்ச்சியும், பிறகு ஒரு சஞ்சலமும் உண்டாயின. எல்லா நரசிம்மமும் ஒரே நரசிம்மம்! அதே பிடரி, அதே கண், அதே கோணத்தில் உயர்த்திய கை. நகத்தின் வளைவுகூட மாறவில்லை. வாயால் கதை சொல்லி வரையச் சொன்ன வருஷங்களில் இப்படி இருந்ததில்லை. அப்போது ஒருவனுடைய நரசிம்மம் நம் ஊர்த் தெருநாயைப் போலிருக்கும். இன்னொருத்தியுடையது வேட்டி கட்டியிருக்கும். ஒரு தடவை மீசை வைத்த நரசிம்மம்கூட வந்தது. அழகில் குறைவுதான். ஆனால் ஒவ்வொன்றும் அதை வரைந்த குழந்தையின் சொந்தச் சரக்கு.

இந்தச் சஞ்சலத்தைப் பெரிதாக்கி, ஸினிமாவே கற்பனைக்கு விரோதி என்று பிரசங்கம் செய்ய நாம் தயாராயில்லை. ஒரே ஒரு நரசிம்மத்தைப் பார்த்ததுதான் கோளாறு. மருந்து, இன்னும் பல நரசிம்மங்களைக் காட்டுவது. தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு அதில் கஷ்டமே இல்லை. தஞ்சாவூருக்குக் கிழக்கே மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு முன்னால் பாகவத மேளா நாடகம் இன்றும் இரவு முழுவதும் நடக்கிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய "பிரகலாத சரித்திரம்" அதில் முதன்மையானது. பாஷை தெலுங்கு, பெண் வேஷமும் ஆண்களே போடுகிறார்கள். நரசிம்மத்தின் முகமூடி மேடைச் சாமான் அல்ல, பூஜையில் வைத்திருக்கும் பொருள். அதை அணிகிறவர் உபவாசமிருந்து அணிகிறார். ஆவேசம் மிஞ்சும்போது நாலு பேர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் திரையில் தோன்றியதைவிட அந்த முகமூடி அசைவது குறைவு. அதைப் பார்த்த குழந்தை பின்னால் வரையும் படம் எப்படியிருக்கும் என்று பார்க்க நமக்கு ஆசை. வரும் ஜயந்திக்குப் பதினான்கு பேரையும் அழைத்துப் போவதாக உத்தேசம்.

தோற்பாவைக் கூத்தும் இருந்தது. எண்ணெய் விளக்கு, அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி, இடையில் ஆட்டுத் தோலில் வெட்டி வர்ணம் தீட்டிய ராமரும் ராவணனும். மராட்டி பேசும் குடும்பங்கள் ஊர் ஊராய்ப் போய் ஆட்டின கூத்து அது. துணிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் அத்தனை குரலிலும் பேசுவார். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் சிறுவர்கள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். இதைக் கிராமத்துப் பழங்கதை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி: இன்று உலகத்தில் அழியாமல் கையிலிருக்கும் முழு நீளச் சித்திரப் படங்களில் மிகப் பழையது, 1926-ல் ஜெர்மனியில் லோத்தே ரைனிகர் என்ற பெண்மணி எடுத்த "இளவரசர் அகமது" கதை. அது முழுவதும் நிழல் பாவைதான். கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, கை கால்களைக் கம்பியால் பூட்டி, வெளிச்சமிட்ட கண்ணாடி மேல் வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு நகர்வையும் படமெடுத்தார். மூன்று வருஷ வேலை. டிஸ்னியின் "ஸ்நோ ஒயிட்" அதற்குப் பதினொரு வருஷம் பின்னால்தான், 1937-ல் பிறந்தது.

"ஸ்நோ ஒயிட்" படத்தைக் கணக்கு வகுப்பில் ஒரு நாள் உபயோகித்தோம். படம் 83 நிமிஷம், விநாடிக்கு 24 படம் ஓடுகிறது, மொத்தம் எத்தனை? 1,19,520 என்று விடை வந்ததும் வகுப்பே வாயைப் பிளந்தது. ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படமெடுத்து வேலையைப் பாதியாக்கும் தந்திரமும் உண்டு என்று சொன்னதும், "அப்பவும் அறுபதாயிரம் ஸார்!" என்றான் ஒருவன். அசைகிற உருவம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, ஒளி ஊடுருவும் தகட்டில் பிரதி செய்து, பின்பக்கம் வர்ணம் தீட்டினார்கள். இந்தக் காரியத்தை ஹாலிவுட்டில் "டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்" என்று பரிகசித்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்து தகட்டையும் தூரிகையையும் ஒழித்துவிட்டது. இருந்தும் ஒரு கை எப்படி உயரும், துணி எப்படிப் பின்தொடரும் என்று ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

நம் தேசத்தில் அந்த மாதிரி யோசிக்கிறவர்களுக்குக் குறைவு ஏற்பட்டதில்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குத்தான் குறைவு. தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை ஆட வைத்துச் சின்னப் படம் எடுத்தது 1915-ல். 1956-ல் இந்திய சர்க்காரின் பிலிம்ஸ் டிவிஷனில் சித்திரப் படப் பிரிவு தொடங்கியபோது, டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவரே இந்தியாவில் பிறந்தவர்தான். கருவுற்ற மானுக்காகத் தன் கழுத்தைக் கொடுக்க முன்வந்த மான் அரசனின் ஜாதகக் கதையை அங்கே 1957-ல் படமாக்கினார்கள். அந்தப் பிரிவில் சேர்ந்தவர்களில் ஒருவர் சென்னைச் சர்வகலாசாலையில் ரஸாயனம் படித்த ராம் மோகன். ரஸாயனத்துக்கு நஷ்டம், சித்திரத்துக்கு லாபம்! 1989-ல் ஏ.வி.எம்.மின் "ராஜா சின்ன ரோஜா" படத்தில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் காட்டில் சித்திர மிருகங்களோடு ஆடிப் பாடுகிறார்களே, அந்த மிருகங்களுக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான். 2019-ல் காலமானார்.

ராம் மோகன் கை வைத்த இன்னொரு படத்தின் சரித்திரம் கொஞ்சம் வருந்தத் தக்கது. யூகோ ஸாகோ என்ற ஜப்பானியர் 1983-ல் வேறொரு வேலையாக இந்தியாவுக்கு வந்தவர், ராமாயணத்தில் மனம் பறிகொடுத்துப் பல மொழிபெயர்ப்புகளைப் படித்தார். பத்து வருஷம் பாடுபட்டு, கையாலேயே வரைந்த முழு நீள ராமாயணம் ஒன்றை உருவாக்கினார். ராமருடைய கதையை, ராமர் பிறந்த தேசத்தாரின் துணையோடு, பெரும்பாலும் ஜப்பானில் தயாரிக்க வேண்டியிருந்தது. 1993-ல் தில்லித் திரைப்பட விழாவில் காட்டினார்கள். பிறகு டெலிவிஷனில் வந்தது. அது இந்தியக் கொட்டகைகளில் பரவலாக, தமிழிலும் பேசிக்கொண்டு வந்த தேதி 2025 ஜனவரி 24. ஸாகோ 2012-லேயே போய்விட்டார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அனுமார் இலங்கைக்குத் தாவும் இடத்தில் மேகத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்பது. இப்போதைய படங்களில் மேகத்துக்கு அவ்வளவு அவகாசம் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டின் கணக்கு? ஜெமினி ஸ்டூடியோவில் 1947-லேயே "சினிமா கதம்பம்" என்ற கார்ட்டூன் படம் செய்து பார்த்தார்கள். 2000-ல் சென்னைப் பென்டாமீடியா கம்பெனி கம்ப்யூட்டரால் பஞ்ச பாண்டவர் கதையை எடுத்தது. அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது — எதற்கென்றால், சிறந்த ஆங்கிலப் படத்துக்கு! சென்னையில் பிறந்த பீமன் ஆங்கிலம் பேசினான். 2007-ல் "இனிமே நாங்கதான்" வந்தது, இளையராஜா சங்கீதம். 2014-ல் "கோச்சடையான்". இடையிடையே சில முயற்சிகள். இவ்வளவுதான். தெனாலிராமனும், பரமார்த்த குருவும், விக்கிரமாதித்தனின் வேதாளமும் நம் பாஷையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, நம் குழந்தைகள் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் துக்கத்துக்கு அழுகிறார்கள். அழட்டும், அதில் தப்பில்லை. 2019-ல் அந்தச் சிங்க ராஜா சித்தார்த்தின் குரலில் தமிழ் பேசியபோது நம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையின் ஒரு சொல்கூடத் தவறவில்லை. மொழிமாற்றத்தைப் பழிக்கும் பண்டிதர்கள் ஒரு நாள் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஆங்கிலப் படம் பார்க்கும் குழந்தையின் முகத்தையும் அதே படத்தைத் தமிழில் பார்க்கும் குழந்தையின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பதினான்கு பேரில் ஒரு சிறுமி நரசிம்மத்தையே வரையவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. காகிதத்தின் நடுவில் தூண் மட்டும் நின்றது. அதில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய விரிசல். "இன்னும் வரலை ஸார்" என்றாள். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான், ஒரு விரிசல் எப்படிப் பெரிதாகும் என்று பக்கம் பக்கமாக வரையலாமே என்ற யோசனை எழுந்தது. பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒரு சித்திரமாக, முந்தின பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்து, கட்டை விரலால் சரசரவென்று புரட்ட வேண்டியது. காசு செலவில்லை. முதலில் தூண் பிளந்தது, இருபது பக்கத்தில். பிறகு பந்து குதித்தது. இப்போது நான்கு பேர் கூடி, குடமுருட்டிப் பாலத்தடியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியைத் தண்ணீரில் பாய வைக்கிறார்கள். நாற்பத்தெட்டுப் பக்கம் வரைந்தாயிற்று. புரட்டினால் பறவை கிளையை விட்டுக் கிளம்பி, சிறகை மடக்கி, அலகை நீட்டிக்கொண்டு கீழே வருகிறது. தண்ணீரைத் தொடுகிற இடத்தில் வேலை நின்றிருக்கிறது. தெறிக்கிற நீரை எப்படி வரைவதென்று பார்ப்பதற்காகத் தினம் மாலையில் ஆற்றங்கரைக்குப் போய்க் கல்லை விட்டெறிந்துகொண்டிருக்கிறார்கள்.